கடலடிக் குளிர் கசிவுகளில் விலங்குகள் எப்படிப் பிழைக்கின்றன?

கேட்கப்பட்ட கேள்வி இது: வெளிச்சமே எட்டாத ஆழ்கடலில், மீத்தேன் கசியும் சேற்றுப் பரப்பில் மட்டும் குழாய்ப்புழுக்களும் சிப்பிகளும் இவ்வளவு நெருக்கமாக மண்டிக் கிடக்கின்றனவே, அவை மீத்தேனைத்தான் உண்கின்றனவா? கசிவு நின்றுபோனால் அவற்றின் கதி என்ன?

முதல் பாதிக்குச் சுருக்கமான விடை: எந்த விலங்காலும் மீத்தேனை நேரடியாகச் செரிக்க முடியாது. சில சிப்பிகள் மீத்தேனை உண்ணும் பாக்டீரியாவைத் தம் செவுளுக்குள் வளர்த்து வாழ்கின்றன. மற்றப் பெரிய விலங்குகளில் பெரும்பாலானவை மீத்தேனைக் கொண்டு சேற்றுக்குள் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மத்தை நம்பியிருப்பவை. அந்தச் சல்ஃபைடு கீழே இருக்கிறது, அதை எரிக்கத் தேவையான ஆக்ஸிஜன் மேலே இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே உடலுக்குள் எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதுதான் கசிவு விலங்குகளின் வாழ்க்கைப் பிரச்சினை. எந்த விலங்கு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது, கசிவு மாறினால் எது முதலில் சாகிறது என்பதெல்லாம் அதிலிருந்தே விளங்கும்.

குளிர் கசிவு என்றதும் பனிக்கட்டி போன்ற நீர் ஊற்றெடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். வெளிவரும் திரவம் ஏறக்குறைய சுற்றியுள்ள ஆழ்கடல் நீரின் வெப்பநிலையிலேயே இருக்கும். 1977-இல் கலாபகோஸ் அருகே கண்டறியப்பட்ட வெந்நீர் ஊற்றுகளிலிருந்து பிரித்துக் காட்டவே இந்தப் பெயர். மெக்ஸிகோ வளைகுடாவில், ஃபுளோரிடா கடலடிச் செங்குத்துச் சரிவின் அடிவாரத்தில், சுமார் 3,200 மீட்டர் ஆழத்தில் 1984-இல் ஆல்வின் நீர்மூழ்கி இறங்கியபோதுதான் வெந்நீர் இல்லாமலேயே இப்படியொரு உயிர்க்கூட்டம் இருப்பது தெரியவந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பெருங்கடல்களிலும், கண்டச் சரிவுகளிலும் ஆழ்கடல் அகழிகளிலும் இவை கிடைத்துவருகின்றன. 2025-இல் வெளியான ஆய்வில், குரில்-கம்சாட்கா அகழியிலும் அலூஷியன் அகழியின் மேற்குப் பகுதியிலும் 9,533 மீட்டர் ஆழம் வரை குழாய்ப்புழுக்களும் இருவோட்டுச் சிப்பிகளும் கூட்டமாக வாழ்வது பதிவாகியிருக்கிறது.

விலங்குகளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் சேற்றிலிருந்து தொடங்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 28 மில்லிமோல் சல்ஃபேட் என்ற கந்தக உப்பு கரைந்திருக்கிறது. அது மேலிருந்து சேற்றுக்குள் ஊடுருவுகிறது. மீத்தேன் கீழிருந்து மேலேறுகிறது. இரண்டும் சந்திக்கும் அடுக்கில், ஆக்ஸிஜனே இல்லாத நிலையில், ஆர்க்கியா எனப்படும், பாக்டீரியா போன்ற ஒற்றைச்செல் நுண்ணுயிர்களில் ஒருவகை மீத்தேனை ஆக்ஸிஜனேற்றம் செய்கிறது. அதனோடு ஒட்டி வாழும் பாக்டீரியா சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றுகிறது. ஒரு மீத்தேன் மூலக்கூறு செலவானால் ஒரு சல்ஃபைடு, ஒரு பைகார்பனேட். அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பாலுள்ள ஹைட்ரேட் ரிட்ஜ் சேற்றில் இந்த இரண்டும் சேர்ந்த நுண்கட்டிகளை 2000-இல் அடையாளம் கண்டார்கள். நடுவில் சுமார் நூறு ஆர்க்கியா செல்கள், அவற்றைச் சுற்றிப் பாக்டீரியா உறை. இந்த வினையில் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம் என்பதால் இந்த நுண்ணுயிர்கள் இரட்டிப்பாகவே மாதக்கணக்கில் ஆகும்.

சாதாரணக் கடலடியில் இந்தச் சந்திப்பு அடுக்கு பல மீட்டர் ஆழத்தில் கிடக்கும். அங்கே உண்டாகும் சல்ஃபைடு மேலே வந்து சேர்வதற்குள் இரும்போடு சேர்ந்து கனிமமாகிவிடும், விலங்குகளுக்கு எட்டாது. கசிவில் மீத்தேன் வேகமாக ஏறுவதால் சந்திப்பு அடுக்கு மேற்பரப்பிலிருந்து சில சென்டிமீட்டருக்குள் வந்துவிடுகிறது. சல்ஃபைடு ஒரு மட்டியின் கால் எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. கடலடியின் மற்றப் பகுதிகளுக்கும் கசிவுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஆழக் கணக்கில் இருக்கிறது. கூடவே பிறக்கும் பைகார்பனேட், கால்சியத்தோடு சேர்ந்து கார்பனேட் பாறையாகப் படிகிறது. சேறு மட்டுமே இருந்த இடத்தில் ஒட்டிப் பிடிக்கக் கடினமான தளம் உருவாகிறது. இதன் முக்கியத்துவம் பின்னால் தெரியும்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். சல்ஃபைடும் ஆக்ஸிஜனும் ஒன்றையொன்று அழிப்பவை, ஒரே நீரில் நெடுநேரம் சேர்ந்திருக்காது. சல்ஃபைடு கொடிய நஞ்சும்கூட. செல்களின் சுவாசச் சங்கிலியில் கடைசியாக வேலை செய்யும் நொதியை அது முடக்கிவிடும். ஆகவே கசிவு விலங்கு செய்ய வேண்டிய வேலை மூன்று: கீழிருந்து சல்ஃபைடை எடுக்க வேண்டும், மேலிருந்து ஆக்ஸிஜனை எடுக்க வேண்டும், தன் திசுக்கள் நஞ்சேறாமல் இரண்டையும் பாக்டீரியாவிடம் ஒப்படைக்க வேண்டும்.

விலங்கே இல்லாத தீர்வு ஒன்றும் உண்டு. பெஜியடோவா வகை இழைப் பாக்டீரியா வெள்ளை அல்லது ஆரஞ்சு நிறப் பாயாகச் சேற்றின் மேல் படர்கிறது. இதன் பெரிய வகைகள் செல்லுக்குள் இருக்கும் குமிழில் நைட்ரேட்டைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஆக்ஸிஜன் இல்லாத ஆழத்துக்கு இறங்கிச் சல்ஃபைடை எரிக்கும். கசிவு மிக வலுவாக இருக்கும் இடங்களில் இந்தப் பாய்தான் பரவியிருக்கும். அங்கே சல்ஃபைடு பெரிய விலங்குகள் தாங்கும் அளவைக் கடந்துவிடுகிறது.

பாய்களுக்கு அடுத்த வளையத்தில், கசிவு நடுத்தரமாக இருக்கும் இடத்தில், வெசிகோமைட் குடும்பத்து மட்டிகள் இருக்கும். கலிப்டோஜீனா என்ற பெயரில் நெடுங்காலம் அறியப்பட்டவை இவை. மட்டி பாதியளவு சேற்றில் புதைந்து செங்குத்தாக நிற்கும். நீண்டு விரியும் காலைச் சேற்றுக்குள் செலுத்திச் சல்ஃபைடை உறிஞ்சும். மேல்முனையிலிருக்கும் குழல்கள் நீரிலிருந்து ஆக்ஸிஜனையும் கார்பன் டை ஆக்ஸைடையும் செவுளுக்குக் கொண்டுவரும். ஓட்டைத் திறந்தால் சதை சிவப்பாக இருக்கும், இரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதே காரணம். அந்த இரத்தத்தில் சல்ஃபைடைக் கட்டிப்போட்டு எடுத்துச் செல்லும் இன்னொரு பெரிய மூலக்கூறும் இருக்கிறது. கட்டுண்ட சல்ஃபைடு திசுக்களைத் தாக்காமல் செவுள் வரை போய், அங்கிருக்கும் பாக்டீரியாவிடம் மட்டும் விடுபடுகிறது. குடல் மிகவும் சிறுத்துப்போயிருக்கும். இந்த மட்டிகளால் நகர முடியும் என்பது பெரிய அனுகூலம். கசிவு சில மீட்டர் தள்ளிப்போனால் சேற்றை உழுதுகொண்டு பின்தொடரும்.

இன்னும் வெளியே, கசிவு மெலிந்த ஓரத்தில், அக்காரக்ஸ் என்ற ஆழப் புதையும் சிப்பி வாழ்கிறது. மேற்பரப்பில் ஒன்றும் தெரியாது. ஹைட்ரேட் ரிட்ஜில் பாய், மட்டி, அக்காரக்ஸ் என்ற இந்த வரிசை அழகாகப் பதிவாகியிருக்கிறது. மேற்பரப்பில் எது இருக்கிறது என்று பார்த்தே கீழே மீத்தேன் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

குழாய்ப்புழுவின் தீர்வு எல்லாவற்றையும்விட வியப்பானது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மெக்ஸிகோ வளைகுடாவின் லாமெல்லிபிராக்கியா லூய்மேசி இரண்டு மீட்டருக்கு மேல் வளரும். வளர்ந்த புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலின் பெரும்பகுதியைப் பாக்டீரியா நிரம்பிய ஒரு பஞ்சு உறுப்பு அடைத்திருக்கிறது. சிவந்த தலைக்கொண்டை நீரிலிருந்து ஆக்ஸிஜனை எடுக்கும். வெந்நீர் ஊற்றுகளில் வாழும் இதன் உறவினமான ரிஃப்டியா, சல்ஃபைடையும் அந்தக் கொண்டை வழியாகவே எடுத்துக்கொள்கிறது, ஏனெனில் அங்கே ஊற்றுநீர் கொண்டையின் மேலேயே பாய்கிறது. கசிவிலோ குழாய்ப்புழுக்கள் புதர்போல மண்டி வளர்கின்றன; முதிர்ந்த புதரின் கொண்டை மட்டத்து நீரில் சல்ஃபைடு ஏறக்குறைய இருப்பதில்லை. எனவே லாமெல்லிபிராக்கியா தன் உடலின் பின்முனையை மெல்லிய வேர்போலச் சேற்றுக்குள் வளர்க்கிறது. வேர்ப் பகுதியின் குழாய்ச் சுவர் மெலிந்தது, சல்ஃபைடு அதன் வழியே ஊடுருவும். இதன் ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜன் பிணையும் இடமும் சல்ஃபைடு பிணையும் இடமும் தனித்தனி, ஒன்றுக்கொன்று இடையூறு செய்வதில்லை.

இதோடு முடியவில்லை. நூற்றுக்கணக்கான புழுக்கள் கொண்ட ஒரு புதருக்கு ஆண்டாண்டுக்கும் தேவைப்படும் சல்ஃபைடைக் கணக்கிட்டால், சேற்றில் இயல்பாக உண்டாவது போதாது. தட்டுப்பாடாக இருப்பது சல்ஃபேட்: ஆழச் சேற்றில் மீத்தேன் இருக்கிறது, அதை எரிக்கச் சல்ஃபேட் இல்லை. பாக்டீரியா சல்ஃபைடை எரித்தபின் மிஞ்சும் கழிவு அந்தச் சல்ஃபேட்தான். புழு அதை வேர் வழியாகத் திரும்பச் சேற்றுக்குள் விட்டால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைக்கொண்டு மீண்டும் சல்ஃபைடு தயாரிக்கும். இந்தச் சுழற்சி இல்லையென்றால் ஒரு புதர் சில பத்தாண்டுகளில் பட்டினி கிடக்கும், இருந்தால் 250 ஆண்டுக்கு மேலும் தாங்கும் என்று மாதிரிக் கணக்குகள் காட்டுகின்றன. அவ்வளவு காலம் வாழும் புதர்கள் கண்முன்னே இருப்பதால் இந்த விளக்கம் எனக்கு மிகவும் வலுவாகப் படுகிறது. ஆனால் இது கணக்கிலிருந்து எழுந்த முடிவு என்பதை மறக்கக் கூடாது.

வயதை எப்படிக் கண்டார்கள் என்று உடனே கேட்கத் தோன்றும். கடலடியிலேயே புழுக்கூட்டத்தின் மேல் நீலச் சாயம் செலுத்திக் குழாய்களுக்கு நிறமேற்றுவார்கள். ஓராண்டு கழித்துத் திரும்ப வந்தால், நீலத்துக்கு மேலே நிறமேறாமல் நீண்டிருக்கும் வெளிறிய பகுதிதான் அந்த ஆண்டின் வளர்ச்சி. அது பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. சிறிய புழு வேகமாகவும் பெரிய புழு மெதுவாகவும் வளர்வதால், சராசரியால் நீளத்தை வகுத்தால் தவறான வயது வரும். ஒவ்வோர் அளவுக்கும் தனி வேகத்தை வைத்துக் கூட்ட வேண்டும். அப்படிச் செய்து இரண்டு மீட்டர் லாமெல்லிபிராக்கியாவுக்குக் கிடைத்த வயது 170 முதல் 250 ஆண்டு. இன்னும் ஆழத்தில் வாழும் எஸ்கார்ப்பியா லாமினாட்டா என்ற குழாய்ப்புழுக்களில் சில 300 ஆண்டைத் தாண்டுகின்றன. ரிஃப்டியாவோ ஓராண்டில் 85 சென்டிமீட்டர் வரை நீளும். வெந்நீர் ஊற்று சில ஆண்டுகளில் அணைந்துவிடலாம், அங்கே அவசரம் வேண்டும். கசிவு நூற்றாண்டுக் கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கும், இங்கே நிதானம் போதும்.

ஆளிச்சிப்பிகள் வேறு வழியில் போகின்றன. மெக்ஸிகோ வளைகுடாவின் ஜைகான்டிடாஸ் சில்ட்ரெஸ்ஸி, முன்பு பாத்திமோடியோலஸ் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது, மீத்தேன் உண்ணும் பாக்டீரியாவைச் செவுள் செல்களுக்குள் வைத்திருக்கிறது. வேறு சில இனங்களில் மீத்தேன் உண்பவையும் சல்ஃபைடு எரிப்பவையும் ஒரே செவுளில் சேர்ந்து வாழும். இவற்றுக்கு வேர் இல்லை, சேற்றுக்குள் காலும் போகாது. செவுளைக் கடக்கும் நீரிலேயே மீத்தேனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து இருந்தாக வேண்டும். அதனால் மீத்தேன் நீருக்குள் பீறிடும் வலுவான கசிவில்தான் இவை செழிக்கும். இதற்குத் தெளிவான சான்று, அதே வளைகுடாவில் 650 மீட்டர் ஆழத்திலுள்ள உப்புநீர்க் குளம். கடல்நீரைவிடப் பலமடங்கு உப்பான, மீத்தேன் செறிந்த கனமான நீர் கடலடிப் பள்ளத்தில் தேங்கி நிற்கிறது. அதன் கரையைச் சுற்றி ஆளிச்சிப்பிகள் பட்டையாக அமைந்திருக்கின்றன. குளத்தை ஒட்டிய உள்விளிம்பில் குஞ்சுகள் மிகுதி, சதை பருத்திருக்கும், வளர்ச்சி வேகமாக இருக்கும். சில மீட்டர் தள்ளிய வெளிவிளிம்பில் மீத்தேன் குறைகிறது, சல்ஃபைடு கூடுகிறது. அங்கே ஓடு பெரிதாகவும் உள்ளே சதை வற்றியும் கிடக்கும். ஒரே இனம், ஒரே ஆழம், வேறுபடுவது சில மீட்டர் மட்டுமே.

கூட்டுவாழ் பாக்டீரியா இல்லாத விலங்குகளைப் பற்றிப் பலர் பேசுவதே இல்லை, ஆனால் இனங்களின் எண்ணிக்கையில் அவைதான் அதிகம். பாத்திநெரிட்டா நத்தை சிப்பி ஓடுகளில் படியும் பாக்டீரியாவை மேய்ந்து, அந்த ஓடுகளின் மேலேயே முட்டைப் பொதிகளை ஒட்டுகிறது. பிராங்கிபோலினோ என்ற செதில்புழு ஆளிச்சிப்பியின் ஓட்டுக்குள், செவுளுக்கும் உடலுக்கும் இடையில் குடியிருக்கிறது. டார்வில்லீட் என்ற குடும்பத்துச் சிறு புழுக்கள் சல்ஃபைடு மிகுந்த சேற்றிலும் தாங்கும். ஒரே கைப்பிடிச் சேற்றில் பல இனங்கள் இருக்கும், உணவைப் பங்கிட்டுக்கொள்ளும். அவற்றுள் சில, மீத்தேன் உண்ணும் ஆர்க்கியாவையே தின்கின்றன. 1997-இல் மெக்ஸிகோ வளைகுடாவில் சுமார் 540 மீட்டர் ஆழத்தில், வெளியே துருத்திக்கொண்டிருந்த மீத்தேன் ஹைட்ரேட் (மீத்தேன் சிறைப்பட்ட பனிக்கட்டி) பாளத்தில் ‘பனிப்புழு’க்களைக் கண்டார்கள். சில சென்டிமீட்டர் நீளமுள்ள இளஞ்சிவப்புப் புழுக்கள். ஒவ்வொன்றும் பாளத்தில் ஒரு சிறு குழியில் கிடந்தது. இவை உண்பதும் பாக்டீரியாவையே. கோஸ்டாரிகாவுக்கு அப்பால் சுமார் 1,000 மீட்டரில் வாழும் கீவா புராவிடா நண்டு, இடுக்கி மயிர்களில் பாக்டீரியாவை வளர்க்கிறது. கசிவு நீரில் இடுக்கிகளைத் தாளகதியில் ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த அசைவு பாக்டீரியாவுக்குப் புதுப்புது நீரைத் தரும். வளர்ந்ததைப் பின்னர் வாயுறுப்பால் சீவி உண்ணும்.

இவற்றைத் தேடி வெளியிலிருந்து நண்டுகளும் மீன்களும் வந்து மேய்ந்துவிட்டுப் போகின்றன. ஆழ்கடல் சுறாக்களும் திருக்கைகளும் கசிவுப் பாறைகளிலும் குழாய்ப்புழுப் புதர்களிலும் முட்டை உறைகளை இடுகின்றன. உணவு கசிவின் எல்லைக்குள் அடைந்து கிடப்பதில்லை.

எது எதை உண்கிறது என்பதை அறிய முக்கியமான கருவி கார்பன் ஐசோடோப், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதம். நுண்ணுயிரால் உண்டான மீத்தேனில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் மிகக் குறைவு, பொது அளவுகோலோடு ஒப்பிட்டால் ஆயிரத்துக்கு மைனஸ் 60-க்கும் கீழே. மேற்பரப்பு மிதவைத் தாவரங்கள் வழி வந்த உணவு ஏறக்குறைய மைனஸ் 20. ஒரு விலங்கின் சதை மைனஸ் 55 காட்டினால் அது மீத்தேன் வழி உணவில் வாழ்கிறது என்பதில் ஐயமில்லை. இங்கே அடிக்கடி நேரும் பிழைகள் சில உண்டு. பூமிக்குள் வெப்பத்தால் உருவான மீத்தேன் மைனஸ் 45 அளவில் இருப்பதால், அதை உண்ணும் சிப்பியும் சல்ஃபைடு வழி வாழும் விலங்கும் ஒரே மதிப்பைக் காட்டக்கூடும். அப்போது கந்தக ஐசோடோப்பையும் அளந்தாக வேண்டும். கடல்நீர்ச் சல்ஃபேட் பிளஸ் 21, கசிவுச் சல்ஃபைடை நம்பும் விலங்கின் சதை அதைவிட வெகுவாகக் கீழே இருக்கும். சதையோடு ஓட்டுத் துகளோ கார்பனேட் பொடியோ கலந்தால் கார்பன் மதிப்பு கெட்டுவிடும். சிறு விலங்குகளுக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலக் கழுவல் அவசியம், ஆனால் கந்தகமும் நைட்ரஜனும் அளக்கும் பகுதியை அமிலம் படாமல் முன்னதாகவே பிரித்து வைத்துவிட வேண்டும். குடலில் இருக்கும் சேறு இன்னொரு தொல்லை. சதைப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது பாதுகாப்பு.

சேற்று மாதிரி எடுப்பதில் பிழைகள் இன்னும் அதிகம். ஆளில்லா நீர்மூழ்கியின் கை ஓர் ஒளிபுகு குழாயைச் சேற்றில் மெதுவாகச் செங்குத்தாக அழுத்தி எடுக்கும். வேகமாக அழுத்தினால் மேலேயுள்ள பாக்டீரியாப் பாய் பறந்துவிடும், பாயில்லாத கசிவு என்று பதிவாகிவிடும். மேலே வரவர அழுத்தம் குறையக் கரைந்திருந்த மீத்தேன் குமிழாகி வெளியேறும், சேறு வெடித்து அடுக்குகள் குலையும். அதனால் கப்பலில் அளக்கும் மீத்தேன் அளவு, வலுவான கசிவில், உண்மையைவிட எப்போதும் குறைவு. அழுத்தம் காக்கும் குழாய் இல்லையென்றால் அந்த எண்ணைக் குறைந்தபட்சம் என்று மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். மாதிரி மேல்தளத்துக்கு வந்தவுடன் குளிரறைக்குப் போக வேண்டும். நுண்வடிகட்டியால் சேற்றுத் துகள்களுக்கு இடையிலுள்ள நீரை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் உறிஞ்சி, சல்ஃபைடுக்கான பங்கைத் துத்தநாக அசிட்டேட்டில் அப்போதே நிலைநிறுத்த வேண்டும். தாமதித்தால் சல்ஃபைடு காற்றோடு வினைபுரிந்து ஒரு பகுதி சல்ஃபேட்டாகிவிடும். சல்ஃபைடு குறைந்தும் சல்ஃபேட் கூடியும் தெரியும். இரண்டு எண்ணும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் தவறும் என்பதால் சந்திப்பு அடுக்கின் ஆழமே மாறிப்போகும்.

இனி, கசிவு நின்றால் என்ன ஆகும் என்ற இரண்டாம் பாதி. மெக்ஸிகோ வளைகுடாவில் பொதுவாகக் காணப்படும் வரிசை இது: கசிவு புதிதாக, வலுவாக இருக்கும்போது பாக்டீரியாப் பாய்களும் ஆளிச்சிப்பிகளும் வருகின்றன. கார்பனேட் பாறை படிந்தபின் குழாய்ப்புழு லார்வாக்கள் (நீரில் மிதந்து வரும் இளம்பருவ உயிரிகள்) அதில் ஒட்டுகின்றன. கார்பனேட் படிந்து துவாரங்கள் அடைபட நீருக்குள் வரும் மீத்தேன் குறைகிறது, ஆளிச்சிப்பிகள் மறைகின்றன. குழாய்ப்புழுக்கள் வேரால் ஆழத்திலிருந்து எடுத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் தொடர்கின்றன. கசிவு திடீரென வெட்டப்பட்டால் ஆளிச்சிப்பிகள் செவுள் பாக்டீரியாவை இழந்து மெலிந்து சாகும். நீரை வடிகட்டி உண்ணும் திறன் ஓரளவு இருப்பதால் உடனே சாவதில்லை. மட்டிகள் நகர்ந்து பார்க்கும். குழாய்ப்புழு கடைசியில் விழும். எல்லாம் போனபின்னும் பாறை நிற்கிறது. அதில் கசிவை நம்பாத குளிர்நீர்ப் பவளங்கள் குடியேறுகின்றன. அந்தப் பவளங்களின் கீழே எப்போதோ எரிந்த மீத்தேனின் கார்பன்தான் தளமாக இருக்கிறது.

புதிய கசிவுக்கு விலங்குகள் போய்ச் சேர்வது லார்வாக்களால். ஜைகான்டிடாஸ் சில்ட்ரெஸ்ஸியின் லார்வாக்கள் நீரின் மேலடுக்கு வரை ஏறி, அங்குள்ள மிதவை உயிர்களை உண்டு, ஓராண்டுக்கு மேலும் மிதந்து வாழக்கூடியவை. குழாய்ப்புழு லார்வா உண்பதில்லை, முட்டைக் கருவின் சேமிப்பில் சில வாரங்கள் தாங்கும். ஆளிச்சிப்பியும் குழாய்ப்புழுவும் பாக்டீரியாவைச் சேருமிடத்தின் நீரிலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் பெறுகின்றன. வெசிகோமைட் மட்டியோ தாயின் முட்டையிலேயே கொண்டுவருகிறது.

இந்த உயிர்க்கூட்டம் சூரியனைச் சாராதது என்று எழுதுவது தவறு. சல்ஃபைடை எரிக்கும் ஆக்ஸிஜன் மேற்பரப்பு ஒளிச்சேர்க்கையில் பிறந்தது. ஆளிச்சிப்பி லார்வா உண்பதும் ஒளியில் வளர்ந்த மிதவை உயிர்களையே. சூரியனைச் சாராமல் வருவது எரிபொருளின் ஒரு பகுதி மட்டும், அந்த மீத்தேனிலும் பெரும்பங்கு பழைய கடலுயிர்களின் எச்சத்திலிருந்து உண்டானது.

பாதுகாப்பு விஷயத்தில் என் கருத்து உறுதியானது: குழாய்ப்புழுப் புதரை மீளக்கூடிய வளமாகக் கருதவே கூடாது. இழுவலை ஒருமுறை உழுதால் போவது இருநூறு ஆண்டு வளர்ச்சி. நியூசிலாந்தின் ஹிகுராங்கி விளிம்பிலுள்ள கசிவுகளில் இழுவலைத் தடங்களும் அறுந்த மீன்பிடிக் கருவிகளும் பதிவாகியுள்ளன. எண்ணெய்த் துளையிடலுக்கு மெக்ஸிகோ வளைகுடாவில் அமெரிக்கா வகுத்த விதியில், 300 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் துளைச்சேறு கொட்டும் இடம் இத்தகைய உயிர்க்கூட்டங்களிலிருந்து 2,000 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். இழுவலைக்கு இப்படிப்பட்ட எல்லை பல கடல்களில் இன்னும் வரவில்லை.

கசிவுகளின் காணொளியைப் பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள். வெள்ளைப் பாய் இருந்தால் சல்ஃபைடு மேற்பரப்பிலேயே இருக்கிறது. மட்டி ஓடுகள் செங்குத்தாக, இணைந்து நின்றால் உயிருள்ளவை; கிடையாக, விரிந்து கிடந்தால் செத்தவை. வெறும் ஓட்டைக் கண்டு செயல்படும் கசிவு என்று எண்ணுவதுதான் கணக்கெடுப்புகளில் எளிதில் நேரும் தவறு. ஓடுகள் ஆழ்நீரில் கரையாமல் நெடுங்காலம் கிடக்கக்கூடும். குழாய்ப்புழுக்களின் நுனியில் சிவந்த கொண்டை தெரியாவிட்டால் அவசரப்பட வேண்டாம். நீர்மூழ்கியின் அதிர்வுக்கு அவை உள்ளிழுத்துக்கொள்ளும். சில நிமிடம் அசையாமல் நின்று பார்த்துவிட்டு எண்ணுவதே முறை.